6:29-க்குக் கிளம்பிய அலைகள்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6:29. இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்கு மேற்கே, கடலடித் தரைக்குக் கீழே சுமார் 30 கிலோமீட்டர் ஆழத்தில் பாறை உடைய ஆரம்பித்தது. அந்த உடைவு வடக்கு நோக்கி, நிக்கோபார், அந்தமான் வழியாக, 1,200 கிலோமீட்டருக்கும் மேல் ஓடியது. ஓடி முடிக்க 8 நிமிடங்களுக்கு மேல் ஆனது. ரிக்டர் அளவு என்று பேச்சுவழக்கில் சொல்கிறோமே, அந்தக் கணக்கில் 9.1.

இதைப் படிக்கிற நம்மில் நிறைய பேர் அந்த வருடத்தை ஒட்டித்தான் பிறந்திருப்போம். சுனாமி நமக்கு நினைவு கிடையாது, வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டதுதான். ஆனால் ப்ளஸ் ஒன்னில் ஒரு பாடம் வருமே, அலைகள்னு? வகைகள் எழுதுக, பண்புகள் எழுதுக, இரண்டு மார்க்குன்னு மனப்பாடம் பண்ணி, பரீட்சை முடிந்ததும் மறந்த பாடம். அந்தப் பாடம் முழுவதும் அந்த ஒரே காலையில் நடந்தது. ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் கிளம்பிய வேறு வேறு வகை அலைகள், சென்னைக்கு வேறு வேறு நேரத்தில் வந்து சேர்ந்தன. ஒன்று சுமார் 4 நிமிடத்தில் வந்தது. இன்னொன்று 7 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். கடைசியாக வந்ததற்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. வெறும் 7 மில்லி செகண்டில் வந்திருக்கக்கூடிய ஓர் அலையும் உண்டு. அது கிளம்பவே இல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அலை என்றால் என்ன என்பதைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். கூட்டம் நிரம்பிய டவுன் பஸ்ஸில் முன்பக்கம் நிற்கும் ஒருவர் பின்னால் ஒரு தள்ளு தள்ளினால் என்ன ஆகும்? அவர் பின்னால் இருப்பவர் மேல் சாய்வார், அவர் தனக்குப் பின்னால் இருப்பவர் மேல் சாய்வார், கடைசியில் பின்படிக்கட்டில் தொங்குகிறவருக்கு இடி விழும். முன்னால் நின்றவர் முன்னால்தான் நிற்கிறார். யாரும் பஸ்ஸின் நீளத்துக்கு நடந்து போகவில்லை. போனது தள்ளு மட்டும்தான். அலை என்பது இவ்வளவுதான்: பொருள் தன் இடத்திலேயே கொஞ்சம் ஆடிவிட்டு நின்றுவிடும், ஆட்டமும் அதன் ஆற்றலும் பயணம் போகும்.

பஸ் உதாரணத்தில் தள்ளு போன திசையும் ஆட்கள் ஆடிய திசையும் ஒன்று. இதுதான் நெட்டலை. இங்கிலீஷ் மீடியத்தில் லாஞ்சிடியூடினல்னு படித்தது. நெட்டுவாக்கில் ஆடுவதால் நெட்டலை, தமிழ்ப் பெயர் தானே விளக்கம் சொல்லிவிடுகிறது. நெருங்கி நெருங்கி, நெகிழ்ந்து நெகிழ்ந்து போகும். நாம் கேட்கும் எல்லாச் சத்தமும் காற்றில் போகும் நெட்டலைதான்.

இப்போது சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்கு வாங்க. ஐ.பி.எல். மேட்ச் நடுவே கூட்டம் எழுந்து கையைத் தூக்கி உட்காரும், அந்த அலை கேலரியைச் சுற்றி ஓடும். ஆட்கள் ஆடுவது மேலும் கீழும். அலை ஓடுவது பக்கவாட்டில். ஓடும் திசைக்குக் குறுக்கே ஆடுவதால் இது குறுக்கலை, அதாவது ட்ரான்ஸ்வெர்ஸ்.

சுமத்ராவில் பாறை உடைந்தபோது இந்த இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பின. நெட்டலை பூமியின் மேல்பகுதிப் பாறையில் நொடிக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் ஓடும். நிலநடுக்கம் படிக்கிறவர்கள் இதை பி அலை என்பார்கள், ப்ரைமரி, முதலில் வருவது. குறுக்கலை நொடிக்கு ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர். இது எஸ் அலை, செகண்டரி, இரண்டாவதாக வருவது. உடைவு தொடங்கிய இடத்திலிருந்து சென்னை சுமார் 2,000 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்க. பி அலை 6:33-ஐ ஒட்டி வந்திருக்கும், எஸ் அலை 6:36-ஐ ஒட்டி. சென்னையில் அன்று காலை நில அதிர்வை உணர்ந்தவர்கள் உண்டு, அதிலும் மாடி வீடுகளில் இருந்தவர்கள். கட்டில் ஆடியது, மின்விசிறி ஆடியது என்று சொல்வார்கள். அப்போது கடல் அலை இன்னும் நடுக்கடலில்கூட இல்லை, கிளம்பிய இடத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

ஏன் நெட்டலை எப்போதும் ஜெயிக்கிறது? ஒரு பொருளை அமுக்கினால் அது எதிர்க்கிற பலம் ஒன்று, அதைப் பக்கவாட்டில் சரித்தால் எதிர்க்கிற பலம் இன்னொன்று. பாறைக்கு இரண்டும் உண்டு. நெட்டலை ஓடும்போது இரண்டு பலமும் உதவிக்கு வரும். குறுக்கலைக்குச் சரிவை எதிர்க்கிற பலம் மட்டும்தான். மீட்டு இழுக்கிற பலம் குறைவு என்றால் வேகமும் குறைவு. ஒரு ஸ்ப்ரிங் எவ்வளவு விறைப்போ அவ்வளவு வேகமாக ஆடும் என்பதும் இதே கதைதான்.

இதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. தண்ணீரைப் பக்கவாட்டில் சரித்தால் அது எதிர்க்குமா? எதிர்க்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும். பக்கத்து ஆளின் தோளைப் பிடித்திருந்தால்தானே நான் எழும்போது அவரும் எழுவார்? திரவத்தில் யாரும் யார் தோளையும் பிடிப்பதில்லை. அதனால் திரவத்தின் உள்ளே குறுக்கலை ஓடவே ஓடாது. நெட்டலை மட்டும் ஓடும். இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் பூமியின் வெளிக்கரு திரவம் என்று கண்டுபிடித்தார்கள்: எஸ் அலை அதைத் தாண்டி வருவதே இல்லை. யாரும் அங்கே போய்ப் பார்க்கவில்லை. இந்தக் கதையின் ஆரம்பம் நம் ஊரில். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஓல்டாம், 1897 அஸ்ஸாம் நிலநடுக்கத்தின் பதிவுகளை வைத்துத்தான் பி, எஸ், தரைப்பரப்பில் ஓடும் அலைகள் என்று மூன்றையும் பிரித்துக் காட்டினார். 1906-ல் பூமிக்கு உள்ளே ஒரு கரு இருக்கிறது என்பதையும் இதே மாதிரிப் பதிவுகளை வைத்துச் சொன்னார்.

தரைப்பரப்பு அலைகளையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். இவை பி, எஸ் இரண்டுக்கும் பிறகு வரும், ஆனால் தொலைவில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இவைதான் பெரிய ஆட்டம். 2004-ல் இவை பூமியையே சுற்றி வந்தன. உலகத்தின் எந்த மூலையிலும் தரை குறைந்தது ஒரு சென்டிமீட்டராவது ஏறி இறங்கியது. நாம் உணராததற்குக் காரணம், அந்த ஏற்ற இறக்கம் அவ்வளவு மெதுவாக நடந்தது.

தண்ணீருக்குள்ளும் ஒரு நெட்டலை போனது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். இந்தியப் பெருங்கடலில் டீகோ கார்சியா தீவுப் பக்கம், அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்கப் போட்டு வைத்த நீரடி மைக்குகள் இந்த உறுமலைப் பதிவு செய்திருக்கின்றன.

சரி, இனி கடல் மேல் போன அலை. கடலடித் தரை சில மீட்டர் எழும்பியது, இன்னொரு பக்கம் இறங்கியது. அதன் மேலே நின்ற மொத்தத் தண்ணீரும் அதே மாதிரி எழும்பி இறங்கியது. கடல் தன் மட்டத்துக்குத் திரும்பப் பார்க்கும், ஈர்ப்பு விசை இழுக்கும். அந்த முயற்சிதான் அலை. இது நெட்டலையா குறுக்கலையா? இரண்டும்தான். தண்ணீர்த் துளி மேலும் கீழும் ஆடும், முன்னும் பின்னும் ஆடும். சேர்ந்து பார்த்தால் ஒரு வட்டம் அல்லது தட்டையான நீள்வட்டம். பாடப்புத்தகத்தில் குளத்தில் கல் போட்ட படத்தைக் காட்டி குறுக்கலைன்னு எழுதியிருப்பார்கள். அது பாதி உண்மை.

இங்கே அலையின் அளவுகளைக் கொண்டு வர வேண்டும். ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரம் அலைநீளம். ஒரு முகடு போய் அடுத்தது வர ஆகும் நேரம் அலைவு நேரம், ஒரு நொடிக்கு எத்தனை முகடு என்பது அதிர்வெண். சாதாரண மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் எழுகிறது என்பது வீச்சு. வேகம் = அதிர்வெண் × அலைநீளம். ஃபார்முலா எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த மூன்றில் யார் யாரைத் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்டால் நிறைய பேர் முழிப்பார்கள். அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது அலையைக் கிளப்பியது எதுவோ அது. வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அலை ஓடும் ஊடகம். அலைநீளம் இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, கிடைத்ததை வாங்கிக்கொள்ளும். இதை மட்டும் மனதில் வைத்தால் மீதிப் பாடம் தானாக வரும்.

மெரினாவில் நீங்க பார்க்கிற அலையைக் காற்று கிளப்பியது. ஏறக்குறைய 10 நொடிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஆழ்கடலில் அதன் அலைநீளம் சுமார் 156 மீட்டர், வேகம் மணிக்கு 56 கிலோமீட்டர். இந்த அலையின் ஆட்டம் மேல்பரப்போடு சரி. அலைநீளத்தில் பாதி ஆழம் போனால், அதாவது 80 மீட்டர் கீழே, கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. மேலே புயல் அடித்தாலும் ஆழ்கடல் மீனுக்குத் தெரியாது.

சுனாமியைக் கிளப்பியது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத் தரை. அதனால் அலைவு நேரமே பத்து நிமிடங்களில் எண்ண வேண்டியது, அலைநீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். வங்கக் கடல் எவ்வளவு ஆழம்? மூன்று நாலு கிலோமீட்டர். 300 கிலோமீட்டர் நீளமான அலைக்கு 4 கிலோமீட்டர் ஆழம் என்பது ஒரு தாம்பாளத்தில் நிற்கிற தண்ணீர் மாதிரி. நமக்கு ஆழ்கடல், அதற்கு அது ஆழமில்லாத குட்டை. அதனால் ஆட்டம் மேலோடு நிற்காமல் அடித்தரை வரைக்கும் மொத்தத் தண்ணீரையும் பிடித்துக்கொள்கிறது. இப்படிப்பட்ட அலையின் வேகம் ஆழத்தை மட்டும்தான் கேட்கும்: ஈர்ப்பு முடுக்கம் 9.8-ஐ ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்க. 4,000 மீட்டருக்கு நொடிக்கு 198 மீட்டர் வரும். மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல், பயணிகள் விமானத்தின் வேகத்தை நெருங்குகிறது. நிக்கோபார் பக்கமிருந்து சென்னைக்கு சுமார் 1,500 கிலோமீட்டர். காலை 9 மணியைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் சென்னைத் துறைமுகத்தின் கடல்மட்ட அளவி அந்த எழுச்சியைப் பதிவு செய்தது. கணக்கு ஒத்துப்போகிறது.

இவ்வளவு வேகமாகப் போன அலை நடுக்கடலில் எவ்வளவு உயரம் இருந்தது தெரியுமா? நிலநடுக்கம் நடந்து இரண்டு மணி நேரம் கழித்து ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள் தற்செயலாக அதன் மேலே பறந்தது. அது அளந்த உயரம் சுமார் 60 சென்டிமீட்டர். நம் முழங்காலுக்குக் கொஞ்சம் மேல். அதுவும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவிய 60 சென்டிமீட்டர். படகில் இருந்தவர்கள் ஒன்றும் உணரவில்லை. ஆழ்கடலுக்குப் போன மீனவர்கள் கரைக்குத் திரும்பிய பிறகுதான் ஊர் போய்விட்டதைப் பார்த்தார்கள். ஜப்பானிய மொழியில் சுனாமி என்றால் துறைமுக அலை. கடலில் இருக்கும்போது தெரியாதது துறைமுகத்தில்தான் தெரிகிறது என்பதால் அந்தப் பேர் பொருத்தம்தான். ஆழிப்பேரலை என்கிற தமிழ்ப் பெயர் உயரத்தைச் சொல்கிறது என்று நினைத்தால் தப்பு, நீளத்தைச் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டால் சரி.

அலை போகிறது, பொருள் போவதில்லை என்று சொன்னேன் இல்லையா? அதையும் இங்கே சோதித்துப் பார்க்கலாம். 60 சென்டிமீட்டர் வீச்சு, 4 கிலோமீட்டர் ஆழம் என்று போட்டால், தண்ணீர்த் துளியின் கிடைமட்ட வேகம் நொடிக்குச் சுமார் 3 சென்டிமீட்டர் வருகிறது. எறும்பு நடக்கிற வேகம். அலை மணிக்கு 700 கிலோமீட்டர், தண்ணீர் நொடிக்கு 3 சென்டிமீட்டர்.

கரை நெருங்கும்போது எல்லாம் மாறுகிறது. ஆழம் குறைவதால் வேகம் குறைகிறது. 10 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர்தான். அதிர்வெண் மாறாது, கிளப்பியவர் கொடுத்தது அது. ஆகவே அலைநீளம் சுருங்க வேண்டும். டோல்கேட்டை நெருங்கும் வண்டிகள் மாதிரி: முன்னால் போகிறது மெதுவாகிவிட்டது, பின்னால் வருவது இன்னும் வேகமாக வருகிறது, இடைவெளி குறைந்து நெருக்குகிறது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டரில் பரவியிருந்த ஆற்றல் இப்போது சில கிலோமீட்டருக்குள் அடங்க வேண்டும். எங்கே போகும்? மேலே. உயரம் ஆழத்தின் நான்காம் மூலத்துக்கு எதிர்விகிதத்தில் ஏறும். 4,000 மீட்டரிலிருந்து 4 மீட்டருக்கு வந்தால் ஆழம் ஆயிரம் மடங்கு குறைந்தது, உயரம் 5.6 மடங்கு கூடும். 60 சென்டிமீட்டர் 3.4 மீட்டர் ஆகிவிட்டது. அதே ஆழத்தில் தண்ணீரின் வேகத்தைப் போட்டால் நொடிக்கு 5 மீட்டருக்கு மேல், அலையின் வேகமோ 6.3 மீட்டர்தான். அலையும் தண்ணீரும் கிட்டத்தட்ட ஒரே வேகம்! இந்த இடத்தில் எளிய சூத்திரங்கள் கைவிட்டுவிடும், அதைவிட முக்கியம், அலை என்ற வரையறையே முடிந்துபோகிறது. இனி பொருள் ஆடிவிட்டு நிற்காது. தண்ணீரே ஊருக்குள் ஓடி வரும். அலைநீளம் இன்னும் கிலோமீட்டர் கணக்கில் இருப்பதால், மெரினா அலை மாதிரி வந்து உடைந்து நொடியில் திரும்பாது, நிமிடக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள், அதில் பெரும்பகுதி நாகப்பட்டினம் மாவட்டத்தில்.

எல்லோரும் சொல்கிற ஒன்று: சுனாமி வருவதற்கு முன் கடல் உள்வாங்கும். இது உண்மைதான், ஆனால் எப்போதும் உண்மையில்லை. அலைக்கு முகடும் உண்டு அகடும் உண்டு. கரைக்கு எது முதலில் வருகிறது என்பதைப் பொறுத்தது. 2004-ல் உடைவுக்குக் கிழக்கே கடலடித் தரை இறங்கியது, அதனால் தாய்லாந்துப் பக்கம் அகடு முதலில் போனது, கடல் உள்வாங்கியது. ஃபூக்கெட் தீவின் மாய் காவோ கடற்கரையில் விடுமுறைக்கு வந்திருந்த டில்லி ஸ்மித் என்ற 10 வயது இங்கிலாந்துச் சிறுமி, இரண்டு வாரம் முன்பு பள்ளி புவியியல் வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்து, கடல் நுரைத்து விலகுவதைப் பார்த்து பெற்றோரிடம் கத்திச் சொன்னாள். அந்தக் கடற்கரையிலிருந்து சுமார் 100 பேர் தப்பினார்கள். உடைவுக்கு மேற்கே தரை எழும்பியிருந்தது. அதனால் இலங்கைக்கும் நமக்கும் முகடு முதலில் வந்தது. எச்சரிக்கை இல்லாமல் கடல் நேராக ஏறியது. இலங்கையில் பல இடங்களில் முதல் முகடு சிறியதாக வந்து போக, அதன் பின்னால் வந்த அகட்டில் கடல் வெகுதூரம் விலகியது. வெறுமையாகக் கிடந்த கடலடியைப் பார்க்கவும் மீன் பொறுக்கவும் போனவர்கள் மேல் அதைவிடப் பெரிய இரண்டாவது முகடு வந்தது. அலை என்றாலே தொடர்ச்சி. முகடுகளுக்கு நடுவே 20, 30 நிமிடம் இடைவெளி இருக்கலாம். முதல் அலை வடிந்தவுடன் வீட்டைப் பார்க்கத் திரும்பக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் வெறும் பயமில்லை, அலைவு நேரம்.

இன்னொரு கேள்வி. கேரளா இலங்கைக்கும் நமக்கும் மறைவில், மேற்குப் பக்கம் இருக்கிறது. அங்கே எப்படி அடித்தது? கொல்லம் மாவட்டம் ஆலப்பாட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அலைகள் தடை ஒன்றின் விளிம்பைத் தாண்டும்போது நிழல் பகுதிக்குள் வளைந்து நுழையும். இது விளிம்பு விளைவு, டிஃப்ராக்‌ஷன். அலைநீளம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு நன்றாக வளையும். பக்கத்து ரூமில் பேசுவது கதவு வழியாகக் கேட்கிறது, ஆனால் ஆள் தெரிவதில்லை, காரணம் ஒலியின் அலைநீளம் கதவின் அளவுக்கு இருக்கிறது, ஒளியின் அலைநீளம் அதில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. நூறு கிலோமீட்டர் அலைநீளத்துக்கு இலங்கை பெரிய மறைப்பே இல்லை. கூடவே ஒளிவிலகல் மாதிரியே ஒரு விலகலும் நடக்கும். அலை வரிசையின் ஆழமான பக்கம் வேகமாகவும் ஆழமில்லாத பக்கம் மெதுவாகவும் போவதால் மொத்த வரிசையும் கரையை நோக்கித் திரும்பிவிடும். அடுத்த முறை பீச்சுக்குப் போனால் கவனியுங்க. காற்று எந்தத் திசையில் அடித்தாலும் அலைகள் கரைக்குக் கிட்டத்தட்ட இணையாகத்தான் வந்து விழும். கண்ணாடிக்குள் ஒளி வளைவதற்கும் இதற்கும் கணக்கு ஒன்றே.

திசையும் முக்கியம். உடைவு வடக்கு தெற்காக நீண்டிருந்தது, அதனால் ஆற்றலின் பெரும்பகுதி அதற்குச் செங்குத்தாக, கிழக்கிலும் மேற்கிலும் போனது. சோமாலியா 5,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தும் சுமார் ஏழு மணி நேரம் கழித்து அங்கே பெரிய உயிர்ச்சேதம். வடக்கே, அதைவிட எவ்வளவோ பக்கத்தில் இருந்த பங்களாதேஷ் ஏறக்குறைய தப்பித்தது. ஆன்டெனா படித்த ஈ.சி.இ. நண்பர்களுக்கு இது சட்டென்று புரியும்.

பாடத்தில் கடைசியாக வரும் நிலை அலையும் அன்று நடந்தது. வீணைத் தந்தியை இரண்டு முனையிலும் கட்டி மீட்டினால் அலை போய் மோதித் திரும்பி, தன்னோடு தானே சேர்ந்து, நின்ற இடத்தில் ஆடுகிற மாதிரி தெரியும். தந்தியின் நீளத்துக்குப் பொருந்துகிற சில அதிர்வெண்கள் மட்டும் நிலைக்கும். பூமிக்கும் அப்படி உண்டு. மொத்த உருண்டையும் ஃபுட்பால், ரக்பி பந்து என்று மாறி மாறி ஆட ஒரு சுற்றுக்கு 54 நிமிடம். மொத்தமாக உப்பிச் சுருங்க 20 நிமிடம் 30 நொடி. அந்த உப்பிச் சுருங்கும் ஆட்டத்தைக் கருவிகள் மாதக்கணக்கில் பதிவு செய்துகொண்டிருந்தன.

இப்போது கிளம்பாத அலைக்கு வருவோம். மின்காந்த அலை. ரேடியோ, டிவி, போன், எல்லாம் இதுதான். குறுக்கலை, ஆனால் ஆடுவது எந்தப் பொருளும் இல்லை, மின்புலமும் காந்தப்புலமும். அதனால் ஊடகமே வேண்டாம். நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். 2,000 கிலோமீட்டருக்கு 7 மில்லி செகண்ட். பி அலை 6:33-க்கு வந்தது, கடல் 9 மணிக்குத்தான் வந்தது. நடுவில் இரண்டரை மணி நேரம் காலியாகக் கிடந்தது.

ஹவாயில் இருக்கும் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் பி அலைகளை வைத்து 6:44-க்கே முதல் அறிவிப்பு கொடுத்தது. ஆனால் அளவு 8.0 என்று போட்டது. உண்மையான 9.1 அதைவிட ஆற்றலில் சுமார் 45 மடங்கு. அவர்கள் அசட்டையாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. 8 நிமிடத்துக்கு மேல் நீடித்த உடைவின் முழு அளவு, நீண்ட அலைவு நேரம் கொண்ட மெதுவான அலைகளில்தான் இருக்கும். முதல் சில நிமிட பி அலை அதைச் சொல்லாது. பெரிய விஷயம் குறைந்த அதிர்வெண்ணில் இருந்தது, கேட்டது உயர்ந்த அதிர்வெண். அதைவிடப் பெரிய குறை, இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது எச்சரிக்கை அமைப்பே இல்லை. யாருக்குப் போன் பண்ணுவது என்றே தெரியாது.

ஓர் இடத்தில் அந்த அலை கிளம்பியது. புதுச்சேரி நல்லவாடு மீனவ கிராமத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். அங்கே டிவியில் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் பண்ணினார். ஊருக்குள் தண்ணீர் வருகிறது என்றார்கள். உடனே எல்லோரையும் ஊரை விட்டுப் போகச் சொன்னார். அந்த ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஏற்படுத்திய அறிவு மையம் ஒன்று இருந்தது, அதில் கடல் நிலவரம் சொல்ல ஒலிபெருக்கி இருந்தது. அதன் வழியே அறிவித்தார்கள். சுமார் 3,600 பேரும் தப்பினார்கள். 150 வீடுகளும் 200 படகுகளும் போயின. மின்காந்த அலை ஒன்று சிங்கப்பூரிலிருந்து, பிறகு நெட்டலை ஒன்று ஒலிபெருக்கியிலிருந்து.

2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் இந்தியாவுக்கான சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியது. நிலநடுக்கப் பதிவோடு நிற்காமல், கடலடியில் அழுத்தம் அளக்கும் கருவிகளையும் வைத்திருக்கிறார்கள். காற்று கிளப்பும் அலை அடிவரைக்கும் எட்டாது, சுனாமி எட்டும் என்று மேலே பார்த்தோமே? அதனால் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கும் கருவிக்கு மேலே அடிக்கும் புயல் தெரியாது, சில சென்டிமீட்டர் உயர சுனாமி தெரியும். ஃபில்டர் சர்க்யூட் எதுவும் போடாமலே கடல் வடிகட்டிக் கொடுத்துவிடுகிறது. அந்தத் தகவலைக் கடல்மேல் மிதக்கும் மிதவை செயற்கைக்கோள் வழியாக அனுப்புகிறது.

2012 ஏப்ரல் 11 அன்று அதே சுமத்ரா பக்கம் 8.6 அளவில் இன்னொரு நிலநடுக்கம். சென்னையில் அலுவலகங்களைக் காலி செய்து தெருவில் நின்றார்கள், இது நம்மில் சிலருக்கு நினைவிருக்கலாம். எச்சரிக்கை வந்தது, கடற்கரைகளைக் காலி செய்தார்கள். ஆனால் பெரிய சுனாமி எதுவும் வரவில்லை. அன்று பாறைகள் ஒன்றையொன்று பக்கவாட்டில் உரசி நகர்ந்தன, கடலடித் தரை பெரிதாக மேலே எழும்பவில்லை. பி அலையும் எஸ் அலையும் கிளம்ப அது போதும். தண்ணீரைத் தூக்குவதற்குத்தான் போதவில்லை. கடல்மட்ட அளவிகளைப் பார்த்து உறுதிசெய்த பிறகு அன்றைக்கே எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள்.